தும்பு தாங்கும் ட்ரே

வெள்ளி, பெருநாளுக்கு முந்திய வாரம்.

நோன்பு திறக்கப் பக்கத்து வீட்டு பஸ்மியாவுக்கு ரோல்ஸ் கொடுத்தனுப்பினேன். அவசரத்தில் பேக்கிங் ட்ரேயோடே அனுப்பியதுதான் பிழை. நேற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள். வெறும் பாத்திரம் கொடுக்கமாட்டாள், நிறையப் பேரீச்சம்பழம். பழத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால், மா ஒட்டாமலிருக்கப் பூசியிருந்த கறுப்பு முழுவதும் போயிருந்தது.

"ஒரே கரி ராத்தா. சாம்பலும் தேங்காத் தும்பும் போட்டுத் தேச்சிட்டன்."

இனி அதில் மா ஒட்டும். ஆனால் அவள் விரல்கள் சிவந்திருந்தன. "நல்லா மினுங்குது" என்றேன்.

இன்று கல்முனை பஸாருக்குப் போனேன். கடைக்காரர் கறுப்புப் பூச்சு ட்ரேயையே நீட்டினார்.

"தும்பு தாங்குமா நானா?"

சிரித்தார். பூச்சில்லாத தடித்த அலுமினிய ட்ரே ஒன்றை எடுத்து, இரு மூலையையும் பிடித்து முறுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. மெல்லியது ஓவன் சூட்டில் நெளிந்து பிஸ்கட்டெல்லாம் ஒரு பக்கம் சரியும். பெருநாள் ஓடர் வேறு கிடக்கிறது. அதையே வாங்கினேன்.

திரும்பி வரும்போது வாசலில் பஸ்மியா. ட்ரேயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா ராத்தா, கடையிலயும் கரியத் தேச்சிட்டுத்தான் விக்கிறாங்க."

ஓம் என்றேன்.