குழாயின் மறுமுனை

சமார் தீவு, ஜூன் 4, 2009

அன்புள்ள ரோடெலுக்கு,

உங்கள் மீன்பிடிக் கப்பலுக்கு ஐஸ் கொண்டுவரும் படகு இன்று கிளம்புகிறது, அதனால் அவசரமாக எழுதுகிறேன். பயப்படாதே. நமக்கு மகன் பிறந்துவிட்டான், ஏழாம் மாதத்திலேயே. மூச்சு இழுக்கும்போது நெஞ்சு பள்ளமாக உள்ளே போகிறது. தொண்டைக்குள் குழாய் இறக்கி மூச்சு கொடுக்கும் இயந்திரம் இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் இல்லை. மூக்கில் சின்னக் குழாய் வைத்துக் காற்று விடுகிறார்கள். அதன் மறுமுனை ஒரு பாட்டில் தண்ணீரில் குமிழி விட்டுக்கொண்டே கிடக்கிறது.

"குமிழி நின்னா வாயைத் தொறந்துட்டான்னு அர்த்தம், காத்தெல்லாம் வெளிய போயிடும். தாடையை மெல்லத் தூக்கிப் பிடிம்மா," என்றாள் நர்ஸ் மாரிவிக். இப்போது என் வேலை அதுதான். ஒற்றை விரல் போதும், அவ்வளவு சின்னத் தாடை.

உன் அம்மா ஒரு கிண்ணம் தண்ணீரோடு வந்து நின்றார். "பாதிரியார் ஞானஸ்நானம் குடுக்க வர்ற வரைக்கும் தாங்காதுடி, நாமளே தலையில ஊத்திப் பேர் வச்சிடுவோம்." சாகக் கிடக்கிற பிள்ளைக்குத்தானே அப்படிச் செய்வார்கள்? கோபம் வந்துவிட்டது, திருப்பி அனுப்பிவிட்டேன். பேரை நீ வந்துதான் வைக்க வேண்டும்.

உன் ஜோவி

நடுக்கடல், ஜூன் 9

என் ஜோவிக்கு,

ஊருக்கு அனுப்பச் சொல்லி கேப்டனிடம் கெஞ்சிப் பார்த்தேன். "நீ என்ன டாக்டரா? போய் என்ன கிழிக்கப்போற?" என்கிறார். ஐஸ் படகிலாவது ஏறிக்கொள்கிறேன் என்றால், முக்குளிக்க ஆள் குறைவு என்று மறுக்கிறார்.

நானும் மேலே கம்ப்ரசர் அனுப்பும் காற்றுக்காகக் குழாயை வாயில் கவ்விக்கொண்டுதான் மீன் பிடிக்கக் கடலுக்குள் இறங்குகிறேன். மேலே குழாயைப் பார்த்துக்கொள்கிறவன் கண்ணை எடுக்கக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டும். மகனுக்கு நீ இருக்கிறாய். பயலிடம் சொல்: "அப்பனும் மகனும் ஒரே தொழில்டா!"

அம்மாவைத் தண்ணீர் ஊற்ற விடாதே. முகத்தைப் பார்த்துத்தான் பேர் வைப்பேன்.

ரோடெல்

சமார், ஜூன் 13

ரோடெல்,

உன் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். "ஒரே தொழில்" என்ற இடத்தில் காலை உதைத்தான், சத்தியமாக.

மறுநாள் மூச்சு விட்டு விட்டு வந்தது. நகரத்துக்குக் கொண்டுபோக மாரிவிக் ஓடி ஓடிக் கேட்டாள். புயல் எச்சரிக்கை, கப்பல் இல்லை. தாடையை நான் விடவே இல்லை, ரோடெல். குமிழியும் நிற்கவில்லை. அவன்தான் களைத்துப்போனான்.

கடைசியில் கிண்ணத்தை வாங்கி நானே தண்ணீர் ஊற்றினேன். பேர் சொல்லாமல் ஊற்றக்கூடாதே. வாயில் வந்தது உன் பேர்தான்.

பாட்டிலைக் கழுவி அடுத்த கட்டில் குழந்தைக்கு வைத்துவிட்டார்கள். அது நன்றாக இருக்கட்டும். அந்தச் சத்தம் கேட்டால் என் விரல் தானாக எழுகிறது.

"உசுரோட இருக்கிறவன் பேரைச் சிலுவையில எழுத வச்சிட்டியே," என்று உன் அம்மா அழுது தீர்க்கிறார். எழுதியாகிவிட்டது. உன் பேரில் ஒரு சிலுவை போதும். குழாயைத் துப்பிவிட்டு மேலே வா.

ஜோவி