நீருக்கடியிலிருந்து வந்த பிடிமண்

அம்மிணி,

இன்று காலை புழக்கடையில் பப்பாளி இலை ஒன்றைக் காம்போடு ஒடித்தேன். பால் வடிந்து அந்தப் பச்சை வாசனை எழுந்ததும், மேட்டூர் அணைத் தண்ணீரில் நீ குப்புற மிதந்த கோலம் கண்முன் வந்து நின்றது. மூச்சுவிட வாயில் பப்பாளிக் காம்புக் குழல், அதன் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே. நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான் நான்; ஆனாலும் என் கை இன்று உனக்குத்தான் எழுதுவேன் என்கிறது.

அணையில் தண்ணீர் ஏறி உங்கள் ஊர் முழுகியபோது, மேட்டிலிருக்கும் குலதெய்வக் கோயிலுக்குத் தண்ணீர் வராது என்று பெரியவர்கள் நம்பிவிட்டார்கள். வேறிடத்தில் கோயில் எழுப்புவதானால் பழைய இடத்திலிருந்து ஒரு பிடி மண் வர வேண்டும். அதை எடுக்காமலே கிளம்பினீர்கள். கோயிலும் முழுகியது. திருச்செங்கோட்டுப் பக்கம் எங்களுக்கு அடுத்த தோட்டத்தில் குடியேறினீர்கள். உன் மகளுக்கு ஐந்து வயதாகியும் காது குத்தவில்லை. அந்தச் சாமி முன்னால் அல்லவா குத்த வேண்டும்! கிணற்றடியில் பெண்கள் அவளை “மூளிக்காதி” என்று கூப்பிட்டபோது நீயும் சேர்ந்து சிரித்தாய். பிறகு என் அடுப்படிக்கு வந்து அழுதாய்.

ஒரு கோடையில் தண்ணீர் வற்றி, கோயில் மேட்டின்மேல் ஓராள் ஆழம்தான் நிற்கிறது என்று சேதி வந்தது. புதுவெள்ளம் வந்தால் மறுபடி மூடிவிடும். சாமி காரியம் என்பதால் எங்கள் வீட்டிலும் என்னை உன்னோடு அனுப்பினார்கள். உன் வீட்டுக்காரர் பரிசல் தள்ளினார், நானும் அதில் ஏறிக்கொண்டேன், உன் மாமியார் குழந்தையோடு கரையில் இருந்தார்.

காலை வெயில் நீர்மேல் மினுங்கிக் கண்ணை மறைக்கும். உச்சிவெயில் நேராக இறங்கினால்தான் அடிமண் தெரியும். “வெளக்கெண்ணெ குளுர்ச்சிங்க்கா” என்று முதுகெல்லாம் பூசிக்கொண்டு முதல் நாள் இறங்கினாய். தண்ணீரின் சில்லிப்பில் சுட்டதே உனக்குத் தெரியவில்லை. மண் எடுக்க வேண்டிய இடத்தைக் காட்டும் சாமிக்கல்லும் அகப்படவில்லை. சாயங்காலம் தோளும் முதுகும் செக்கச்செவேலென்று கொப்பளித்திருந்தன. எண்ணெய் தடவிய உடம்பை வெயில் வறுத்தெடுத்துவிட்டது. சோற்றுக் கற்றாழையை வழித்துப் போட்டு விசிறினேன். சேலைத் தலைப்பு பட்டாலே துடித்தாய்.

“மேக்க மழ புடிச்சிருச்சாமா. இனி உட்டா எப்பங்க்கா?” என்றாய். நான் ஊசியும் நூலும் தேடினேன்.

உங்கள் வீட்டில் பெண்கள் ரவிக்கை போடும் வழக்கமில்லை. உன் வீட்டுக்காரரின் பழைய வேட்டியில் நைந்து மெத்தென்றிருந்த பாகத்தை இரண்டாக மடித்து, கழுத்து மூடி, மணிக்கட்டுவரை கை வைத்து ஒரு ரவிக்கை தைத்தேன். மிச்சத் துணியைத் தலைக்கும் பிடரிக்கும் கட்ட ஒதுக்கினேன். கொப்பளம் அடங்க ஒரு நாள் விட்டு நீ அதைப் போட்டு வந்ததும் உன் மாமியார் பிடித்துக்கொண்டார்.

“ஏம்புள்ள, தண்ணிக்குள்ளார போறவளுக்கு ரவிக்கை எதுக்காமா? மீனு பாக்குதாக்கும்?”

“மீனு பாக்கலீங்க அத்தை, சூரியன் பாக்கறானுங்க. அவன் கண்ணுதானுங்க கொள்ளிக்கண்ணு!”

பரிசலில் இருந்த உன் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

அன்று நீ அவசரப்படவில்லை. நனைந்த துணி முதுகோடு ஒட்டிக் காத்தது. காம்பு வழியே மூச்சுவிட்டுக்கொண்டு மெல்ல மெல்ல நகர்ந்தாய். சாமிக்கல் கண்ணில் பட்டிருக்க வேண்டும், திடீரென்று காம்பைத் துப்பிவிட்டு உள்ளே போனாய். நான் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

மூடிய கையோடு மேலே வந்தாய். பரிசல் விளிம்பைப் பிடித்து ஏற இரண்டு கையும் வேண்டும். அவரோ துடுப்பை விட்டால் பரிசல் சுற்றிவிடும். “புடிங்க்கா” என்று கையை நீட்டினாய்.

“நான் வேற கூட்டமாச்சே அம்மிணி, உங்க குலசாமி மண்ண நான் தொடலாமா?”

“மண்ணு கூட்டங் கேக்குதுங்களா? கரையுது, புடிங்க!”

இரண்டு கையையும் குவித்து வாங்கினேன். கறுத்த களிமண், நடுவில் சிறு செங்கல் துண்டு. நீ ஏறி உட்காரும்வரை நான் மூச்சைப் பெரிதாக விடவில்லை.

ஆவணியில் கோயில் எழும்பியது. மாமன் மடியில் உட்கார்ந்து உன் மகள் காது குத்திக்கொண்டு ஊரே கேட்கக் கத்தினாள். இப்போது வளர்ந்துவிட்டாள். முழுக்கை ரவிக்கையோடுதான் கடலை பிடுங்க இறங்குகிறாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் தைக்கச் சொல்லி என்னிடம் துணி கொண்டுவருகிறார்கள். உன் மாமியாருக்குங்கூட ஒன்று தைத்தேன், அம்மிணி. கை இன்னும் கொஞ்சம் நீளம் வேண்டுமாம்.

பிறந்த வீட்டுச் சாமி ஒன்று, புகுந்த வீட்டுச் சாமி ஒன்று என்றிருந்தவள் நான். இப்போது விளக்கு வைக்கும்போது மூன்று பேரைச் சொல்லிக் கும்பிடுகிறேன். மூன்றாவதாக உங்கள் சாமி பேரைச் சொல்லும்போது மட்டும், எதையோ சிந்தாமல் வாங்குவதுபோல என் கைகள் தாமாகக் குவிகின்றன.