இன்னும் உட்காராத ஒருவர்

ஆமாம் கிசா, இந்த வருஷம் விழாவில் மேடைக் கதவருகே நான்தான் நின்றேன், வேறு யாரும் முன்வரவில்லை. உன் இருமல் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பா கத்தரிக்காய் ஊறுகாயில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டு, மழையால்தான் கெட்டது என்கிறார்.

நிஷிமோரி சான் மார்ச்சில் இறந்துபோனதை எழுதியிருந்தேன். நம் இசைவிழாவில் இருபத்திரண்டு வருஷம் மேடைக் கதவைத் திறந்தவர். நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய், கதவில் ஒரு காதை வைத்து, கலைஞர்கள் பக்கம் முகம் திருப்பி நிற்பார். கூட்டம் உட்கார்ந்தாயிற்று என்று முன்வாசலிலிருந்து சொன்னாலும், "இன்னும் ஒருத்தர் உக்காரலை" என்பார். "உங்க ஆளு வந்துட்டாரா?" என்று நாங்கள் சீண்டுவோம். "பாவம், அவருக்கு முழங்கால் வலி" என்பார், சிரிக்காமல்.

இந்த வருஷம் விழாத் தலைவர் கதவுக்கு மேல் ஒரு பச்சை விளக்கு வைத்தார். எல்லோரும் உட்கார்ந்ததும் எரியும், திறக்க வேண்டியதுதான். சனிக்கிழமை மதியம் நால்வர் கச்சேரி. முதல் வயலின் செரிசாவா என்ற பெண், இருபத்து மூன்று வயது, இங்கே முதல் தடவை. விளக்கு எரிந்தது. அரங்கில் சத்தமில்லை. திறந்தேன். முதல் வரியிலேயே அவள் வில் நடுங்கியது, கடைசிவரை சரியாகவில்லை. உள்ளே வந்ததும் வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, நாளைக்கு வேற ஆளைப் பாருங்க என்றாள்.

செல்லோ வாசிக்கும் ஒகாபே சானின் நாக்குதான் உனக்குத் தெரியுமே. "நீங்க என்ன ரயில் கதவா திறக்கறீங்க, நேரமாச்சுன்னு?" என்றார். அரங்கு அமைதியாகத்தானே இருந்தது என்றேன். "அரங்கை யாரு கேட்டா? அந்த மனுஷன் எங்க மூச்சையில்ல கேட்டுட்டிருந்தார். எனக்கு ரெண்டு தடவை கை உதறியிருக்கு. ரெண்டு தடவையும் கை நிக்கிற வரைக்கும் அந்த ஒருத்தர் உக்காரவேயில்லை."

இத்தனை வருஷம் பக்கத்திலேயே வேலை பார்த்தேன். காதைத்தான் பார்த்திருக்கிறேன். கண் எங்கே இருந்தது என்று பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒகாபே சான் விடுதிக்கே போய், "ஊருக்கு பஸ் நாலரைக்குத்தான், அதுவரைக்கும் சும்மா உக்காந்து என்ன பண்ணப்போறே, வந்து வாசி" என்று அவளைக் கூட்டிவந்தார். விளக்கு எரிந்தது. அவள் விரல் நுனிகள் வெளுத்திருந்தன. மூச்சு மேலேயே நின்றது. நான் திறக்கவில்லை. காதுக்கருவியில் தலைவர் என்னிடம், "ஓகிடா சான், தூங்கிட்டீங்களா?" என்றார். இன்னும் ஒருத்தர் உக்காரலை என்றேன். "எல்லாரும் உக்காந்தாச்சு, நான் பாத்துட்டுத்தானே இருக்கேன்!" இல்லை, ஒருத்தர் இருக்கார் என்றேன். பின்னால் ஒகாபே சான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அரை நிமிஷம் இருக்கலாம், நீளமாக இருந்தது. அவள் தோள் இறங்கியது. திறந்தேன்.

எப்படி வாசித்தாள் என்று கேட்காதே, கதவுக்குப் பின்னால் பாதிதான் கேட்கும். வந்ததும் நின்றபடியே இரண்டு சோற்றுருண்டை தின்றாள். நாலரை பஸ் போய்விட்டது, அவள் அதைக் கவனிக்கவில்லை.

நீ காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. பல் மருத்துவரைத் தள்ளிப்போடாதே. எந்த ஊரில் இருந்தாலும் உன்னைப் பார்த்துக்கொள்ள நாலு நல்லவர்கள் கிடைக்கட்டும்.

உன் அம்மா,
ஃபுமியே

உறையை ஒட்டுமுன் ஒரு வார்த்தை. இன்று நிஷிமோரி சானின் மனைவியைப் போய்ப் பார்த்து இதைச் சொன்னேன். தன் வீட்டுக்காரர் யாருக்காகக் கதவைப் பிடித்து நின்றார் என்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.