நீ வரைந்த மீசை

அடியே, இன்று காலை ஆராவிலிருந்து ஃப்ரிபூர்க்குக்கு ரயிலில் போகும்போது சீப்பைத் தேடிப் பைக்குள் கைவிட்டேன். உன் புருவப் பென்சில் வந்தது. நீ கண்ணை மூடிய பிறகு அதைத் தொடப் பயந்திருந்தேன். இன்று தொட்டதும் சிரிப்புத்தான் வந்தது.

அந்தப் பென்சிலால்தானே நீ மீசை வரைவாய். சுவிஸிலிருந்து வெளிநாடுகளுக்கு மருத்துவப் பணிக்குப் போகும் டாக்டர்களுக்கும் தாதியருக்கும் பால் சமத்துவம் பற்றி நாம் பயிற்சி நடத்துவோம். மதியச் சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் கண் சொக்கும் நேரத்தில் நம் நாடகம் தொடங்கும். நீ கணவன், நான் நெஞ்சு நோகும் வருத்தக்கார மனைவி, வந்தவர்களில் ஒருவர் டாக்டர். நீ பக்கத்தில் இருக்கும்வரை நான் வாய் திறக்கக் கூடாது என்பது நம் சட்டம். டாக்டர் என்னிடம் கேட்பதற்கெல்லாம் நீயே பதில் சொல்வாய். கொஞ்ச நேரத்தில் அவர் என்னை மறந்து உன்னோடு கதைத்துக்கொண்டிருப்பார். கடைசியில் அவர் எழுதித் தரும் வாய்வுக் குளிசையோடு நான் வீட்டுக்குப் போவேன்.

"இந்த மனுசன் உனக்கு எங்கயிருந்தடி வந்தவன்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்கட அப்பாதான். அம்மாவுக்கு நெஞ்சு நோகுதெண்டு போக, டாக்டர் அம்மாவைக் கேட்க, அப்பா வாய்வெண்டு சொன்னவர். டாக்டரும் அப்பிடியே எழுதிப்போட்டார். அது ஹார்ட் அட்டாக். அம்மா தப்பினது கடவுள் புண்ணியம்."

"அப்பாவில கோவமோ?"

"இல்லையடி. அவருக்குத்தானே டொச் பாஷை தெரியும். அவரை வெளியில விட்டிட்டு அம்மாவோட கதைக்கவேணுமெண்டு டாக்டருக்கெல்லோ தெரிஞ்சிருக்கவேணும். ஒருநாளைக்கு ஆராவது என்னை எழும்பிப் போகச் சொல்லவேணும். அதுக்குத்தான் இந்தக் கூத்து."

நீ இருந்தவரை ஒருவரும் சொல்லவில்லை.

நீ இல்லாமல் நாடகம் எதற்கு, படங்களைப் போட்டு விளக்கினால் போதும் என்றார்கள் இந்த வருடம் பயிற்சியை ஒழுங்குசெய்பவர்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நானே கணவனாகிறேன், சரிவராவிட்டால் விட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டேன்.

இன்று மதியம் ஃப்ரிபூர்க்கில் கழிவறைக் கண்ணாடியைப் பார்த்து உன் பென்சிலால் மீசை வரைந்தேன். பூனை மீசை மாதிரித்தான் வந்தது. ஒரு தாதி மனைவியாக வந்தாள். டாக்டராக வந்தவர் தலை நரைத்த சத்திரசிகிச்சை நிபுணர். இவர் என் வலையில் சுலபமாக விழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அவளுக்கு ஒன்றுமில்லை, வேலை கூட, நித்திரை குறைவு என்று நான் அளந்துகொண்டே போனேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நன்றி. நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள். நான் இவரோடு தனியாகக் கதைக்கவேண்டும்."

"நான் இவளின் புருசன்!" என்று உன்னைப் போலவே முறுக்கினேன். அவர் மரியாதையாக எழும்பிக் கதவைத் திறந்துவிட்டார்.

நான் நடைக்கூடத்தில் நின்று துள்ளினேன். கோப்பி கொண்டுவந்த பெண் என் மீசையைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டாள். "என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்" என்றேன், முகமெல்லாம் பல்லாக. பாவம் என்று ஒரு பிஸ்கட் தந்தாள். அந்த இடத்தில் நீ நின்றிருக்க வேண்டும். அதை நினைத்துத்தான் பிறகு அழுதேன்.

நாடகத்தை நிறுத்துவது பற்றி அதன்பிறகு ஒருவரும் மூச்சுவிடவில்லை. அந்த மீசைக்கார மனுசனை நீ என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய், அவனை நான் நன்றாகத்தான் வளர்ப்பேன். அடுத்த தடவை இவ்வளவு சுலபமாக எழும்பிப் போகமாட்டான்.