புளி போட்டுத் தேய்த்த தட்டு

ஏழாயிரம்பண்ணை,
வியாழக்கிழமை.

அன்புத் தம்பி செல்வக்குமாருக்கு,

அக்கா நாகஜோதி எழுதுவது. நலம் விசாரிக்க மனம் வரவில்லை. வெடித்த அன்று சாயங்காலம் ஒரு தடவை போனை எடுத்தாய். புளி என்று நான் சொன்னதும் வைத்துவிட்டாய். அதன்பிறகு எடுக்கவேயில்லை. அதனால்தான் சென்னைக்குக் கடிதம் போடுகிறேன்.

உன் மச்சான் போர்மேனாக இருக்கும் பட்டாசுக் கம்பெனிக்கு, வெடிமருந்து கலக்க இரண்டு தட்டு நீதான் வார்த்துக் கொடுத்தாய். அலுமினியத்தில் சாணைக்கல் தூள் சேர்த்தது, தேயாது, உப்புத் தண்ணீரிலும் அமிலத்திலும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டேன் என்று அளந்தாய். உன் ஆராய்ச்சியில் ஆயுத பூசை வரவில்லையா? நீயும் இந்த ஊரில் பிறந்தவன்தானே! மருந்து கலக்கும் சுப்புத்தாய் அக்கா பித்தளைச் சாமான்களோடு அதையும் உப்பும் புளியும் வைத்துத் தேய்த்திருக்கிறாள். பளபளப்பு வரவில்லையென்று புளியை அப்பி ஊறவும் போட்டிருக்கிறாள். அலுமினியம் அரித்து, தூள் பிடிப்பு விட்டுவிட்டது. மிஞ்சிய தட்டைத் தடவிப் பார்த்தேன். உப்புத்தாள் மாதிரி கையை அறுக்கிறது. மருந்தில் ஒரு பொடி மணல் உரசினாலே போதும், உனக்குத் தெரியாததா?

பூசை முடிந்து முதல் கலவைக்கே அறை போய்விட்டது. கூரைத் தகடு கருவேலங்காட்டில் கிடந்தது. சுப்புத்தாயைப் போர்வையில் அள்ளித்தான் கொண்டுபோனார்கள். வாசலில் நின்ற உன் மச்சானுக்கு முதுகுத் தோல் சட்டையோடு உரிந்து வந்துவிட்டது.

செத்தவள் கவனக்குறைவு என்று போலீசில் எழுதிவிட்டார்கள். அதைக் கேட்டதும் அவள் மகன் இருக்கிறானே, ஊர்க்காவலன், அருவாளோடு ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்தான். தடுத்த வாட்ச்மேனின் மண்டை உடைந்தது. ஏலே போர்மேனு, என்னத்தக் குடுத்து எங்க ஆத்தாளக் கொன்ன என்று கட்டிலில் ஒரு வெட்டு வெட்டினான். தப்பு என்னோடதுதாம்லே, வெட்டு என்றார் உன் மச்சான். அப்போதும் உன் பெயரைச் சொல்லவில்லை அந்த மனுஷன்.

நான் சொல்லிவிட்டேன், தம்பி. தாலியா கூடப்பிறந்தவனா என்று யோசிக்க நேரமில்லை, வாய் முந்திக்கொண்டது.

அவன் அருவாளை இறக்கினான். ஞாயிற்றுக்கிழமை கருமாதி, எங்காத்தா மேல தப்பில்லன்னு ஒன் தம்பி ஊருக்கு முன்னால சொல்லணும், வரலேன்னா நான் அங்கன போறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

நீ சொன்ன பிறகு உன்னை உயிரோடு விடுவானா, தெரியாது. நேராக அவன் வீட்டுக்குப் போய்விடாதே. ஆஸ்பத்திரிக்கு வா, நான் உனக்கு முன்னால் நடந்து வருகிறேன்.

நீ நூறு வயது இருக்க வேண்டும், சாமி. ஆனாலும் வா.

உன் அக்கா,
நாகஜோதி