ஒன்பது மணித் தொடரில் அப்பாவின் முகம்

அன்பு மகள் கெர்ரிக்கு அம்மா எழுதுவது. இங்கிலாந்துக் குளிரில் நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்னால் எனக்குத் தகவல் சொல்லிவிடுகிறது. மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளை யோனாஸும் குட்டி மிரியமும் சுகம் என்று ஞாயிற்றுக்கிழமை போன் திரையிலேயே பார்த்துவிட்டேன். அப்புறம் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் என் முகம் உனக்குத் தெரியும், பின்னால் அப்பா வந்து நிற்பார், நீயும் பாதியில் போனை மிரியம் கையில் கொடுத்துவிடுவாய். இது பாதியில் நிறுத்தக்கூடிய சங்கதி இல்லை. தொடர் எப்படிம்மா இருக்கிறது என்று நீ கேட்டபோது நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன், நீ அதைக் கவனித்ததும் எனக்குத் தெரியும்.

போன குளிர்காலத்தில் நம் கடற்கரைச் சாலையை அடைத்துப் படம் பிடித்தார்களே, அந்தத் துப்பறியும் தொடர் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு வர ஆரம்பித்துவிட்டது. அகதிகளைத் தங்கவைத்திருக்கிற ஓட்டலில் பாத்திரம் கழுவிய ஒரு பையன் கடற்கரையில் செத்துக் கிடக்கிறான், நொண்டிக் காலோடு ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்து விசாரிக்கிறாள், விசாரிக்கிற சாக்கில் மூடிப்போன கப்பல் பட்டறை, ஈரம் ஊறிய வாடகை வீடு, வேலை கிடைக்காத பிள்ளைகள் என்று ஊரின் குறை அத்தனையும் வெளியே வருகிறது. ஊரில் வாயிருக்கிற எல்லோருக்கும் இப்போது இதுதான் பேச்சு. பக்கத்து வீட்டு ப்ரெண்டா வேலிக்கு மேல் தலையை நீட்டி, "கொலை எங்கடி இருக்கு இதுல? அந்தப் பொம்பள டீ போடறப்பகூடப் பிரசங்கம் பண்றா" என்றாள். ரொட்டிக் கடை வரிசையில் நின்ற ஒருத்தி, "நம்ம ஊர்ல வெயிலே அடிக்காதா? எப்பப் பாத்தாலும் மழையும் குப்பையுமா காட்டறானுங்க" என்று கோபப்பட்டாள். மீன் வறுவல் கடைக்காரருக்குத் தன் கடை இரண்டு வினாடிதான் வந்தது என்று மனத்தாங்கல். எனக்கு முதல் பகுதி பிடித்துத்தான் இருந்தது, நல்ல மனசோடு எடுத்திருக்கிறார்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டாம் பகுதி வந்தது, நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஓட்டலுக்கு எதிரே ஊர்க்காரர்கள் கூடிக் கத்துகிற காட்சிக்கு ஆள் வேண்டும் என்று கேட்டபோது அப்பா போய் நின்றது உனக்குத் தெரியும். விடியற்காலையில் சுடச்சுட பன்றிக்கறி வைத்த ரொட்டி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போனார், வேறு எந்தக் கலை ஆர்வமும் இல்லை. அங்கே கூட்டத்தை மேய்க்க வந்த ஒரு சின்னப் பெண், உங்களுடையதை எடுத்துக்கொண்டு போன ஒருத்தரை மனதில் நினைத்துக்கொண்டு ஓட்டலைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொன்னாளாம். மற்றவர்கள் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நம் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, ஆஸ்பத்திரியில் மூச்சை இழுங்கள் என்றால் விடுங்கள் என்று சொல்லும்வரை விடாத மனிதர். இவர் ஒருத்தர்தான் அதை நிஜமாகவே செய்திருக்கிறார்.

கெர்ரி, அந்தக் காட்சியில் நூறு பேர் வாய் கிழியக் கத்துகிறார்கள், பாட்டில் பறக்கிறது. கேமரா ஒவ்வொருத்தராகத் தாண்டி வந்து அப்பாவின் முகத்தில் நின்றுவிடுகிறது. அவர் கத்தவில்லை. வாயைக்கூடத் திறக்கவில்லை. தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஓட்டல் ஜன்னலையே பார்க்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்து எழுந்தவள், அந்த முகத்தை வீட்டில் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதுவும் எந்த ஓட்டல்? யோனாஸ் அகதியாக வந்த முதல் குளிர்காலத்தில் அவனைக் கொண்டுவந்து தங்கவைத்த அதே கட்டடம். எந்தப் படிக்கட்டில் நின்று தன் பழைய பூட்ஸை அப்பா அவனுக்குக் கொடுத்தாரோ, அந்தப் படிக்கு நேர் எதிரேதான் நிற்கிறார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பாவும் அசையவில்லை. மறுநாள் பத்திரிகையில் ஒரு விமர்சகர், இந்த மனிதரின் வெறுப்பை எந்த நடிகராலும் நடித்துக் காட்ட முடியாது என்று எழுதியிருந்தார். தொடரில் அந்தக் காட்சியை மட்டும் வெட்டி எடுத்து போனில் ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருக்கிறார்களாம், ப்ரெண்டாவின் பேத்தி காட்டினாள். கீழே ஆயிரம் பேர் கருத்து எழுதியிருக்கிறார்கள், பாதிப் பேர் அப்பாவை மிருகம் என்கிறார்கள், மீதிப் பேர் கைதட்டுகிறார்கள். எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வியாழக்கிழமை வழக்கம்போல ஊர்த் தொழிலாளர் கிளப்புக்குப் போனோம். கேலி செய்வார்கள் என்று தயாராகத்தான் போனோம். கவுன்டரில் நிற்கிற லெஸ், "எழுந்திரிங்கய்யா, சினிமாக்காரர் வந்துட்டார்" என்று ஆரம்பித்தான், நாங்களும் சிரித்தோம். அப்புறம் ஒருத்தர் பின் ஒருத்தராக மேஜைக்கு வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்க ஆரம்பித்தார்கள். கேலி இல்லை கெர்ரி, நிஜமாகவே. "நாங்கெல்லாம் மனசுல வெச்சுப் புழுங்கறத நீ வாயத் தொறக்காமலே சொல்லிட்ட மால்கம்" என்றான் லெஸ். அந்தத் தொடர் முழுக்க அந்தக் கூட்டம் செய்வது தப்பு என்றுதானே சொல்கிறது, அதைப் பார்த்துவிட்டா இப்படிப் பேசுகிறார்கள் என்று எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உன் கல்யாணத்தில் யோனாஸின் அத்தையோடு கைகோர்த்து ஆடி, கடைசியில் அழுதும் வைத்தவன் இந்த லெஸ். அடக்க முடியாமல், "அப்ப என் மருமகன் யாரு லெஸ்? அவன் எங்க இருந்து வந்தான்?" என்று கேட்டுவிட்டேன். அவன் பதறிப்போய், "ஐயையோ, யோனாஸையா சொன்னோம்? அவன் நம்ம பையன். மத்தவங்களச் சொல்றோம்" என்றான். நான்கு பேர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அப்பா குடித்துக்கொண்டிருந்த கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் ரயில் பாதையோரத் தோட்டத்துக்கு டீ கொண்டுபோனேன். அப்பா லீக் வெங்காய நாற்றுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கனத்தை இலேசாக்கலாம் என்று, "யார நெனச்சுக்கிட்டு நின்ன மால்கம்? உன் லீக்க அறுத்துப் போட்டானே, அவனையா?" என்று கேட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும், கிளப்பின் லீக் கண்காட்சிக்கு முந்தின ராத்திரி எவனோ வந்து பரிசு வாங்க வேண்டிய லீக் அத்தனையையும் அடியோடு அறுத்துவிட்டுப் போனான், அப்பா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அவனை நினைத்துத்தான் அப்பா அப்படிப் பார்த்திருப்பார் என்று எங்கள் தெருக்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள், நானும்தான். அப்பா நிமிரவில்லை. "இல்ல. யோனாஸ நெனச்சேன்" என்றார்.

நான் அங்கே கவிழ்த்துப் போட்டிருந்த வாளி மேல் உட்கார்ந்துவிட்டேன். சரியாகத்தான் கேட்டேனா என்று இன்னொரு தடவை கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டிக் குறைக்கவில்லை. "என்னோடத எடுத்துட்டுப் போனவன் யாருன்னு அந்தப் பொண்ணு கேட்டா. எனக்கு வேற யாரும் ஞாபகத்துக்கு வரல. அவன் நிறமும் இல்ல, அவன் ஊரும் இல்ல. கறிக்கடைக்காரன் மகன் கெர்ரியக் கட்டிக்கிட்டு கனடா போயிருந்தாலும் அவனத்தான் நெனச்சிருப்பேன். ஆனா அந்த நிமிஷம் வெறுத்தேன், அத மட்டும் இல்லன்னு சொல்ல மாட்டேன்." மண்வெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னார். நான் நன்றாகத் திட்டினேன். வேலை கிடைத்த இடத்துக்குத்தானே போனார்கள், இங்கே என்ன வைத்திருந்தாய் அவர்களுக்குக் கொடுக்க என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தன்னைப் பற்றித் தெரிந்ததில் என்னைவிட அவருக்குத்தான் அதிர்ச்சி அதிகம் போலிருக்கிறது.

இதற்கு மேலும் ஒன்று நடந்தது. உள்ளதைச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து, அப்பா தானாகவே லெஸ்ஸிடம் போய், நான் மற்றவர்களை நினைக்கவில்லை, என் மருமகனைத்தான் நினைத்தேன், மகளைப் பிரிந்த ஆற்றாமை அது என்று சொல்லியிருக்கிறார். அவன் என்ன செய்தான் தெரியுமா? தோளில் தட்டிக்கொடுத்து, "பாத்தியா, உனக்கே உள்ளுக்குள்ள இருந்திருக்கு. இதத்தானே நாங்களும் சொல்றோம்" என்றானாம். அப்பா வீட்டுக்கு வந்து பேயறைந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார். இந்த வருஷம் கிளப் கண்காட்சிக்கு லீக் வைக்கப் போவதில்லை என்று மட்டும் சொன்னார். நானும் வற்புறுத்தவில்லை.

அன்று அவர் தோட்டத்துக்குப் போனபிறகு அந்தக் காட்சியை நான் மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தேன். வீட்டில் பார்த்ததில்லை என்றேனே, வெளியே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், அப்போதுதான் உறைத்தது. நியூகாசில் விமான நிலையத்தில், மிரியம் உன் வயிற்றில் இருந்தபோது, நீங்கள் இருவரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிக் கையசைத்தீர்களே. நான் அழுதுகொண்டே ஆட்டினேன், அப்பா கை தூக்கவில்லை, இதே முகத்தோடு நின்றார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று யோனாஸ் அங்கே இறங்கியதும் போன் செய்து கேட்டான். ஊரே வெறுப்பு என்று சொல்கிற முகத்தைப் பார்த்து உடம்புக்கு என்ன என்று கேட்டவன் அவன் ஒருத்தன்தான். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. யார் அடையாளம் கண்டுகொள்ளாவிட்டாலும், விமான நிலையத்தில் தன்னைப் பார்த்த முகம் இதுதான் என்று அவன் கண்டுகொள்வான்.

அடுத்த மாதம் அங்கே அந்தத் தொடர் வரும்போது சிநேகிதர்களையெல்லாம் கூப்பிட்டு, யோனாஸின் அம்மாவையும் முன்வரிசையில் உட்காரவைத்து, தாத்தாவைத் திரையில் காட்டப் போகிறேன் என்று குதித்தாயே, தயவுசெய்து யாரையும் கூப்பிடாதே. மிரியமையும் எழுப்பிவைக்காதே. நீங்கள் இரண்டு பேர் மட்டும் முதலில் பாருங்கள், அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டு. மறைத்துவிடலாமா என்று எனக்கும் ஆசை இருந்தது, அப்பாதான் கூடாது என்று சொல்லிவிட்டார். செப்டம்பரில் வருகிறேன் என்று யோனாஸ் சொன்னது இனி அவன் இஷ்டம். வரவில்லை என்று சொன்னாலும் நான் கோபிக்க மாட்டேன், அழுவேன், அவ்வளவுதான்.

நீங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், என் நெஞ்சு நிறைந்த ஆசி. மிரியமுக்கு நீல ஸ்வெட்டர் பின்னி வைத்திருக்கிறேன், கை நீளத்தை அளந்து சொல்ல மறந்துவிடாதே. யோனாஸின் அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா,
அவ்ரில்.

இதற்குக் கீழே உன் அப்பா தானே எழுத வேண்டும் என்று பேனாவை வாங்கிக்கொண்டார்.

யோனாஸ், அந்தக் கூட்டத்தில் நின்று உன்னைத்தான் நினைத்தேன். மற்ற நாட்களிலும் உன்னை நினைக்கிறேன், அது வேறு மாதிரி. கண்ணாடிக் கொட்டகைப் பக்கத்தில் உனக்கென்று ஒரு வரிசை லீக் நட்டிருக்கிறேன். செப்டம்பரில் வா. வந்து அத்தனையையும் அறுத்துப் போட்டாலும் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். - மால்கம்.