நான்காவது ஆணியில் என் பெயர்

விடுதிப் பெண்களின் பெயர்க்கட்டைகள் தொங்கும் பலகையிலிருந்து நான் ஒரு கட்டையைத் திருடிவிட்டதாக ராமநாதபுரத்தில் பேசிக்கொள்கிறார்கள். திருத்திக்கொள்ளட்டும். பட்டப்பகலில், காவலாளியின் கண்முன்னால் எடுத்தேன். அதில் எழுதியிருப்பது என் பெயர்.

இப்போது அது என் மேசைமேல் இருக்கிறது. ஒரு பக்கம் பெயருக்குக் கீழே 'உள்ளே', மறுபக்கம் 'வெளியே'. உப்புக்காற்றில் துருப்பிடித்த ஆணியின் கறை துளையைச் சுற்றி இறங்கியிருக்கிறது.

உத்தியோகப் பெண்கள் சங்கத்தின் அந்த மாடிக் கட்டடத்தில் அப்போது இருபத்திரண்டு பேர் இருந்தோம். சமையல்காரம்மா பலகையில் எத்தனை 'உள்ளே' என்று எண்ணித்தான் உலைக்கு அரிசி அளப்பார். தோழி, நீ தொலைபேசி நிலைய வேலையிலிருந்து வந்ததும் கட்டையைத் திருப்ப மறந்துவிட்டு, பசியோடு சமையலறை வாசலில் நிற்பாய். செயலாளரான நான் விதியைச் சொல்லிக் கண்டிப்பேன். பிறகு என் சோற்றில் பாதியை உன் தட்டுக்குத் தள்ளுவேன்.

"கான்வென்ட்டு வஞ்சுட்டுத்தான் சோறு போடும்" என்று, கான்வென்ட்டில் படித்த என்னைக் கேலி செய்து எல்லோரையும் சிரிக்கவைப்பாய்.

கல்யாணமாகிப் போகிறவள் தன் கட்டையைக் கையோடு எடுத்துச்செல்ல வேண்டும் என்ற விதியை எழுதியவளே நான்தான். நயினார்கோவிலுக்கு மருமகளாகப் போன அன்று நானே அதை மறந்தேன். நீ யாரையும் கழற்றவிடவில்லை. 'வெளியே' என்று திருப்பி மட்டும் வைத்தாய்.

என் கணவர் காலமான மறுவருடம் உன்னைப் பார்க்க வந்தேன். நீ அப்போது விடுதியின் காப்பாளர். நான்காவது ஆணியில் என் பெயர் அப்படியே தொங்கியது.

"இம்புட்டு நாளு வெளிய சுத்துனது போதும். இங்கனயே இருந்துரு. நீ திருப்பிப் போடு, ஒனக்கும் சேத்து ஒல வைக்கச் சொல்றேன்" என்றாய்.

எனக்குச் சொந்த வீடு இருக்கிறது என்றேன். உட்காரக்கூட இல்லை. பேருந்து ஏறிய பிறகுதான் பசித்தது. அடுத்த மாசியில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். அதன்பிறகுதான் என் கட்டையைக் கழற்றி வந்தேன்.

ஐந்து அறை வீட்டில் ஒருத்திக்கு உலை வைக்கிறேன். இன்னமும் ஒரு பிடி அரிசி கூடுதலாகத்தான் போடுகிறேன்.

விடுதியைப் பழுதுபார்த்து, பழைய பலகையைக் கூடத்தில் மாட்டப்போகிறார்களாம். கட்டையைத் திருப்பிக் கேட்கிறார்கள். ஐந்தாவது ஆணியில் உன் பெயர் இன்னும் 'உள்ளே' என்றே இருக்கிறது. போகும்போதும் திருப்ப மறந்திருக்கிறாய்.

இம்மடலின் நகலைச் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கும் அனுப்புகிறேன். அவர்களிடம் கேட்பது ஒன்றுதான். உன்னுடையதன் பக்கத்தில் என் கட்டையை 'உள்ளே' என்று மாட்டுவார்களா? தொலைபேசியில் சொன்னால் ஏற்கமாட்டேன். எழுத்தில் பதில் தரவும்.